98 எழுத்தில் ஆன்டிபாடி எங்கே உட்காரும்? எச்.பி.வி 16-இன் ஈ7 புரோட்டீன் பற்றி ஒரு குறிப்பு

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ்களில் முதலிடம் எச்.பி.வி 16-க்கு. 1983-ல் ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு இதைப் புற்றுக்கட்டியிலிருந்து பிரித்தெடுத்தது, அதற்காக அவருக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸின் மொத்த டி.என்.ஏ சுமார் 7,900 எழுத்துதான். நம்ம ஆபீஸில் ஒரு கான்ஃபிக் ஃபைல் இதைவிடப் பெரிதாக இருக்கும். இவ்வளவு சின்னதை வைத்துக்கொண்டு அது செய்யும் சேதம்தான் பெரிது. குளோபோகான் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்திருக்கிறது, கிட்டத்தட்ட 80,000 பேர் இறந்திருக்கிறார்கள். உலக அளவில் இந்தப் புற்றில் சுமார் 70%-க்கு எச்.பி.வி 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம்.

செல்லைப் புற்றாக மாற்றும் வேலையை முக்கியமாகச் செய்வது ஈ6, ஈ7 என்ற இரண்டு புரோட்டீன்கள். இந்தப் பதிவு ஈ7 பற்றியது, குறிப்பாக அதன் மேல் ஆன்டிபாடி எந்த இடத்தில் உட்காரும் என்பது பற்றியது. அந்த இடத்துக்கு எபிடோப் என்று பெயர், அதைக் கண்டுபிடிப்பதற்கு எபிடோப் மேப்பிங் என்று பெயர். கம்ப்யூட்டரிலேயே இதைச் செய்துவிடலாம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். எவ்வளவு தூரம் முடியும் என்பதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஈ7 என்ன செய்கிறது?

எச்.பி.வி 16-இன் ஈ7, 98 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி. அமினோ அமிலம் மொத்தம் 20 வகை. ஆக, 20 எழுத்து அகரவரிசையில் எழுதிய 98 எழுத்து ஸ்ட்ரிங் என்று வைத்துக்கொள்ளலாம். யூனிப்ராட் தளத்தில் பி03129 என்ற எண்ணில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

நம் செல்லில் ஆர்பி என்று ஒரு புரோட்டீன் இருக்கிறது. செல் கண்டபடி பிரிந்து பெருகாமல் பிடித்து வைத்திருக்கும் பிரேக் அது. ஈ7-இல் 22 முதல் 26 வரை லியூசின், டைரோசின், சிஸ்டீன், டைரோசின், குளூட்டமிக் அமிலம் என்று ஐந்து எழுத்து வரும். அதில் முதல், மூன்றாவது, ஐந்தாவது எழுத்துகள்தான் ஆர்பியைப் பிடிக்கும் கொக்கி. கொக்கி மாட்டியதும் பிரேக் விடுபட்டுவிடுகிறது. ஈ6 வேறொரு வழியில் பி53 என்ற காவல் புரோட்டீனை அழிக்க வைக்கிறது. பிரேக்கும் இல்லை, காவலும் இல்லை என்றால் செல் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அமைப்பிலும் ஈ7 இரண்டு பாதியாக இருக்கிறது. முன்பாதி ஒரு நிலையான வடிவம் இல்லாமல் நூல் மாதிரித் தொளதொளவென்று கிடக்கும். பின்பாதி துத்தநாக அயனியைச் சுற்றி இறுக்கமாக மடிந்திருக்கும். 58, 61, 91, 94 ஆகிய நான்கு இடங்களில் உள்ள சிஸ்டீன்கள் அந்தத் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இந்த முன்பாதி பின்பாதி விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இடம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

ஆன்டிபாடி ஒரு புரோட்டீன் முழுவதையும் பிடிப்பதில்லை, ஒரு சின்ன இடத்தைத்தான் பிடிக்கும். எந்த இடம் என்பதைப் பொறுத்து அதன் பயன் மாறுகிறது.

ஒரு உதாரணம். ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு விட்டு, மாதிரியில் வைரஸ் புரோட்டீன் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பொதுவாக இரண்டு ஆன்டிபாடி வேண்டும். ஒன்று புரோட்டீனைப் பிடித்து நிறுத்த, இன்னொன்று நிறம் காட்ட. இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டால் டெஸ்ட் வேலை செய்யாது. ஒரு ஆன்டிபாடியின் எடை சுமார் 150 கிலோடால்டன், ஈ7 சுமார் 11. சைக்கிள் சீட்டில் இரண்டு யானையை உட்கார வைக்கிற கதை. இடத்தைப் பார்த்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் மாதிரி இடத்தில் இப்படி ஒரு டெஸ்டின் அருமை புரியும். ஷிஃப்டில், ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பரிசோதனைக்கு ஒரு நாள், ரிசல்ட்டுக்கு ஒரு நாள், சிகிச்சைக்கு ஒரு நாள் என்றால் மூன்று நாள் கூலி போச்சு. இரண்டாவது தடவை வரமாட்டார். முதல் தடவையே முடிவு தெரிந்தால்தான் உண்டு. பின்தொடர்தல் விட்டுப்போவது இந்தத் துறையில் உலகம் முழுக்க இருக்கும் பிரச்சினை.

ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

1984-ல் ஆஸ்திரேலியாவில் மாரியோ கெய்சனும் அவர் சகாக்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கோமாரி நோய் வைரஸின் ஒரு புரோட்டீன், 213 அமினோ அமிலம். அதை ஆறு ஆறு எழுத்தாக, ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி வெட்டினால் 208 துண்டு வரும். அந்த 208-ஐயும் தனித்தனி பிளாஸ்டிக் குச்சிகளின் முனையில் வேதியியல் முறையில் உருவாக்கி, ஒவ்வொன்றையும் ஆன்டிபாடியில் முக்கிப் பார்த்தார்கள். எந்தக் குச்சியில் ஒட்டுகிறதோ அந்தத் துண்டில்தான் எபிடோப்.

புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஸ்லைடிங் விண்டோ, அவ்வளவுதான். நாம் ஃபார் லூப் போடும் இடத்தில் அவர்கள் குச்சி வைத்திருந்தார்கள்.

அடுத்த படி, ஒட்டிய துண்டில் ஒவ்வொரு எழுத்தாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் அலனின் என்ற சாதுவான அமினோ அமிலத்தைப் போட்டுப் பார்ப்பது. எந்த எழுத்தை மாற்றினால் ஒட்டுவது நின்றுபோகிறதோ அதுதான் உண்மையில் முக்கியமான எழுத்து. ஒவ்வொரு வரியாகக் கமென்ட் போட்டுப் பார்த்து பக் பிடிப்பது மாதிரி.

ஈ7-க்கு இந்த வேலையை 1990-ல் செய்தவர்கள் டிண்டில், கெய்சன், ஃப்ரேசர் முதலியோர். இந்த ஃப்ரேசர்தான் பிறகு ஜியான் ஜூவுடன் சேர்ந்து தடுப்பூசிக்கு வழிசெய்த இயன் ஃப்ரேசர். மோனோகுளோனல் ஆன்டிபாடிகளை வைத்து அவர்கள் கண்ட இடங்களில் மூன்று முக்கியமானவை.

10 முதல் 14 வரை: ஈ-ஒய்-எம்-எல்-டி.
38 முதல் 41 வரை: ஐ-டி-ஜி-பி.
44 முதல் 48 வரை: க்யூ-ஏ-ஈ-பி-டி.

மூன்றுமே முதல் 50 எழுத்துக்குள் இருக்கின்றன, அதாவது தொளதொளவென்று வெளியே கிடக்கும் பாதியில். ஸ்ட்ரிப் டெஸ்டுக்கு ஜோடி சேர்ப்பதென்றால் இரண்டாவதும் மூன்றாவதும் சரிவராது, நடுவில் இரண்டே எழுத்துதான் இடைவெளி. முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் பார்க்கலாம், நடுவில் 29 எழுத்து இருக்கிறது.

இப்போது கம்ப்யூட்டர் கணக்கு

எபிடோப்பை ஊகிக்கும் பழைய முறைகளில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 1981-ல் ஹாப், உட்ஸ் இருவரும் கொடுத்தது. தண்ணீரை விரும்பும் எழுத்து வெளியே இருக்கும், வெளியே இருப்பதைத்தான் ஆன்டிபாடி பார்க்கும் என்பது அவர்கள் வாதம். இன்னொன்று நம்ம ஊர்ச் சரக்கு. 1990-ல் புனே பல்கலைக்கழகத்தின் கோலாஸ்கரும் தொங்காவ்ங்கரும் வெளியிட்டது. ஏற்கெனவே ஆய்வகத்தில் தெரிந்த எபிடோப்களைப் புள்ளிவிவரமாக ஆராய்ந்து ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்தார்கள். சுமார் 75% துல்லியம் என்று சொன்னார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படும் இந்திய மென்பொருள் முறைகளில் இது ஒன்று.

இரண்டு அட்டவணையையும் வைத்து, ஏழு எழுத்து விண்டோவில் ஈ7-ஐ ஓட்டலாம். 98 எழுத்தில் 92 விண்டோ வரும். எக்செல்லே போதும்.

கோலாஸ்கர் முறையில் முதலிடம் வருவது 89 முதல் 95 வரையிலான துண்டு, சராசரி 1.23. முழு ஈ7-இன் சராசரி 1.05. காரணம் எளிது. அந்த அட்டவணையில் சிஸ்டீன், வேலின், லியூசின் மூன்றுக்கும்தான் மதிப்பெண் அதிகம், இந்தத் துண்டில் இரண்டு சிஸ்டீனும் ஒரு வேலினும் இருக்கின்றன.

ஹாப்-உட்ஸ் முறையில் அதே துண்டுக்கு மைனஸ் 0.97 வருகிறது, அதாவது 'இங்கே எதுவும் கிடையாது, போ' என்கிறது. அதற்கு முதலிடம் 33 முதல் 39 வரையிலான துண்டு, 2.31. அந்த இடத்தில் குளூட்டமிக், அஸ்பார்ட்டிக் அமிலங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அந்தத் துண்டுக்கு கோலாஸ்கர் கொடுக்கும் மதிப்பெண் 0.90, கிட்டத்தட்டக் கடைசி பெஞ்ச்.

ஒரே 98 எழுத்துதான். ஒரு முறை கைகாட்டும் இடத்தை இன்னொரு முறை வேண்டாம் என்கிறது.

சரி, ஆய்வகம் சொன்ன மூன்று இடங்களுக்கு என்ன மதிப்பெண்? கோலாஸ்கரில் 0.99, 0.99, 0.97. மூன்றுமே சராசரியான 1.05-க்குக் கீழே. ஹாப்-உட்ஸில் முழு ஈ7 சராசரி 0.11. அதில் முதல் இடத்துக்கு 0.12, இரண்டாவதுக்கு 0.30, மூன்றாவதுக்கு 1.14. ஆக ஒன்றை நன்றாகப் பிடித்தது. இரண்டாவதன் முதல் இரண்டு எழுத்து அதன் முதலிடத் துண்டுக்குள் வருவதால் அதையும் உரசிச் சென்றது. மூன்றில் ஒன்று கையில் சிக்கவே இல்லை.

இதில் கோலாஸ்கர் முறையைக் குறை சொல்வது நியாயம் ஆகாது. சிஸ்டீன், லியூசின், வேலின் *மேற்பரப்பில் இருந்தால்* எபிடோப்பாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதுதான் அவர்கள் சொன்னது. ஈ7-இன் 91, 94-ஆம் இடத்துச் சிஸ்டீன்கள் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கின்றன. எழுத்தை மட்டும் பார்க்கும் கணக்குக்குத் துத்தநாகம் தெரியாது. அந்த நிபந்தனையை விட்டுவிட்டு ரன் பட்டனை அழுத்துவது நம் தவறு.

இது ஈ7-க்கு மட்டும் நடந்த விபத்தும் இல்லை. 2005-ல் பிளைத், ஃப்ளவர் இருவரும் இப்படிப்பட்ட 484 அட்டவணைகளை 50 புரோட்டீன்கள் மேல் ஓட்டிப் பார்த்தார்கள். மிகச் சிறந்த அட்டவணைகூட காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்பது முடிவு. அதற்கடுத்து சண்டிகரில் சாஹா, ராகவா இருவரும் 2006-ல் நியூரல் நெட்வொர்க் வைத்து ஏபிசிபிரெட் கொண்டுவந்தார்கள், துல்லியம் சுமார் 66%. முன்னேற்றம்தான், ஆனால் மூன்றுக்கு ஒன்று தப்பு.

இன்னொரு சின்னக் கணக்கு. ஐந்து எழுத்துச் சொல் மொத்தம் 20-இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது 32 லட்சம். மனித உடலில் சுமார் 20,000 வகைப் புரோட்டீன், எல்லாவற்றையும் கோர்த்தால் ஒரு கோடி எழுத்துக்குமேல். தற்செயலாகவே எந்த ஐந்து எழுத்தும் நம் புரோட்டீன்களில் மூன்று தடவை வர வாய்ப்பு இருக்கிறது. ஆன்டிபாடி வெறும் எழுத்தை மட்டும் படித்தால் வைரஸையும் நம்மையும் குழப்பிக்கொள்ளும். அது வடிவத்தையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்துப் படிக்கிறது. கம்ப்யூட்டர் கொடுக்கும் பட்டியலை எந்தக் குச்சியை முதலில் முக்கலாம் என்று முடிவு செய்ய வைத்துக்கொள்ளலாம். 'தடுப்பூசி வடிவமைத்துவிட்டேன்' என்று அறிவிக்க அது போதாது.

சப்ஸ்ட்ரிங்கே இல்லாத எபிடோப்

இதுவரை பார்த்தது தொடர்ச்சியான எழுத்துகளாக இருக்கும் எபிடோப். எல்லாம் அப்படி இருப்பதில்லை.

எச்.பி.வியின் வெளி ஓடு எல்1 என்ற புரோட்டீனால் ஆனது. ஒரு ஓட்டுக்கு 360 எல்1, ஐந்து ஐந்தாகச் சேர்ந்து 72 கொத்து. இந்த ஓட்டைப் பிடிக்கும் எச்16.வி5 என்ற ஆன்டிபாடி பிரபலமானது. அது உட்காரும் இடம் எழுத்து வரிசையில் 270-களை ஒட்டிய ஒரு வளைவிலும் 350-களை ஒட்டிய இன்னொரு வளைவிலும் இருக்கிறது. வரிசையில் தூரத்தில் இருக்கும் எழுத்துகள் மடிந்த பிறகு பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. வேட்டியை விரித்தால் இரண்டு கரையும் எதிரெதிர் ஓரம், மடித்தால் ஒன்றன்மேல் ஒன்று. அதே மாதிரி.

எல்1-ஐச் சூடாக்கி மடிப்பைக் கலைத்தால் இந்த ஆன்டிபாடி ஒட்டாது. குச்சியில் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தாலும் அகப்படாது. எக்ஸ்-ரே படிகவியல், கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் மாதிரி பெரிய கருவி வேண்டும்.

எல்லா எச்.பி.வி தடுப்பூசியும் இந்த மடிப்பின் மேல்தான் நிற்கிறது. 2022-ல் அனுமதி பெற்ற சீரம் இன்ஸ்டிடியூட்டின் செர்வாவாக் உட்பட, ஊசியில் இருப்பது வைரஸ் இல்லை, டி.என்.ஏ இல்லாத வெற்று ஓடு. ஈஸ்ட் செல்லில் எல்1-ஐ உருவாக்கினால் அது தானாகவே ஓடாகக் கூடிக்கொள்கிறது. 360 தடவை ஒரே வடிவம் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருவதால் நம் பி செல்கள் பலமாக விழித்துக்கொள்கின்றன.

அந்தப் பலம் எவ்வளவு என்பதற்கான சாட்சியம் நம் மாநிலத்திலிருந்தும் வந்தது. 2009-ல் இந்தியாவில் ஒன்பது மையங்களில், திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை உட்பட, இரண்டு டோஸா மூன்று டோஸா என்று பார்க்க ஒரு ஆய்வு தொடங்கியது. இந்த ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சர்ச்சையால் 2010 ஏப்ரலில் அரசு எச்.பி.வி தடுப்பூசி ஆய்வுகளை நிறுத்தியது. சுமார் 5,000 சிறுமிகள் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். விடாமல் அவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 2021-ல் லான்செட் ஆன்காலஜியில் முடிவு வந்தது. 16, 18 வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிராக ஒரே டோஸ் 95.4% பாதுகாப்பு. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸும் போதும் என்ற நிலைப்பாட்டுக்கு வந்ததற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

அப்படியானால் ஈ7 ஆன்டிபாடி புற்றைக் குணப்படுத்துமா?

இல்லை. எல்1 ஆன்டிபாடி வைரஸைச் செல்லுக்குள் நுழைவதற்கு முன்பே வெளியில் பிடிக்கிறது. ஈ7 வேலை செய்வது செல்லுக்கு உள்ளே. ஆன்டிபாடி அங்கே போகாது. ஏற்கெனவே தொற்று உள்ள செல்லை அழிப்பது டி செல்லின் வேலை. தடுப்பூசியை 9 முதல் 14 வயதிலேயே போடச் சொல்வதன் காரணமும் இதுதான், வைரஸ் நுழைந்த பிறகு அந்த ஊசியால் அதை வெளியேற்ற முடியாது.

ஆனாலும் புற்று உள்ளவர்கள் சிலரின் ரத்தத்தில் ஈ6, ஈ7 ஆன்டிபாடி இருக்கிறது. கட்டியின் செல்கள் இறக்கும்போது உள்ளே இருந்த புரோட்டீன் வெளியே வந்து, உடல் அதைப் பார்த்துவிடுகிறது. தொண்டைப் புற்றில் இது நல்ல அடையாளம். ஐரோப்பாவில் 2013-ல் வந்த ஒரு ஆய்வில், பின்னாளில் தொண்டைப் புற்று வந்தவர்களில் 34.8% பேருக்கு நோய் தெரிவதற்கு முன்பு எடுத்து வைத்திருந்த ரத்தத்திலேயே எச்.பி.வி 16 ஈ6 ஆன்டிபாடி இருந்தது. நோய் வராதவர்களில் 0.6% தான். கர்ப்பப்பை வாயில் கதை வேறு. சிகிச்சை சுலபமாக இருக்கும் முன்நிலையில் இந்த ஆன்டிபாடி பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் ரத்தத்தில் ஆன்டிபாடி இல்லை என்ற ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கக் கூடாது.

கர்ப்பப்பை வாயைப் பார்த்தோ, அங்கே எடுத்த மாதிரியைப் பார்த்தோ செய்யும் பரிசோதனைதான் பரிசோதனை. வினிகர் தடவிப் பார்க்கும் முறை, பாப் ஸ்மியர், எச்.பி.வி டி.என்.ஏ டெஸ்ட் மூன்றும் அப்படித்தான். முதல் முறைக்குப் பெரிய ஆதாரமும் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்தே வந்தது. கிராமங்களில் பயிற்சி பெற்ற நர்சுகள் வினிகர் தடவிப் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு அதே வருகையில் உறைநிலைச் சிகிச்சையும் தர முன்வந்தார்கள். 2007-ல் லான்செட்டில் வந்த முடிவு: நோய் 25%, இறப்பு 35% குறைவு. மூன்று நாள் கூலிப் பிரச்சினைக்கு ஒரே நாளில் பதில். இன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசமாகவே கிடைக்கிறது.

தடுப்பூசி போட்டவர்களும் பரிசோதனையை விடக் கூடாது. நான்கு வகை ஊசி புற்று உண்டாக்கும் வகைகளில் 16, 18-ஐத்தான் தடுக்கிறது. மீதி வகைகளின் ஓட்டில் வளைவுகள் வேறு, எபிடோப் வேறு.

ஆர்வம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பார்க்கலாம். பி03129-ஐ எடுத்து, மேலே சொன்ன இரண்டு அட்டவணையையும் ஓட்டி, 10, 38, 44 ஆகிய மூன்று இடங்களையும் வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். பிறகு 18-ஆம் வகையின் ஈ7-ஐயும், அதில் 105 எழுத்து, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 16-இல் இருக்கும் மூன்று இடங்களும் அங்கே அப்படியே இருக்கின்றனவா என்று தேடினால், ஒரு டெஸ்ட் கிட்டுக்குள் ஏன் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி ஆன்டிபாடி தேவைப்படலாம் என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.